சட்டைப்பைக் கத்தி: அன்றும் இன்றும்

ஓலையில் எழுதியவர்கள் பயன்படுத்திய மடக்கெழுத்தாணியை அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம். ஒரே பிடி. அதன் ஒரு முனையிலிருந்து எழுத்தாணி விரியும். மறுமுனையிலிருந்து சிறிய கத்தி விரியும். பனையோலையின் ஓரத்தை வாரிச் சமன்செய்யவும் சுவடிக்கு அளவாக நறுக்கவும் கத்தி. எழுத்தைக் கீற ஆணி. வேலை முடிந்ததும் இரண்டையும் பிடிக்குள் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். எப்போதும் உடம்போடு இருக்கும் சின்னக் கருவியை 'எவ்ரிடே கேரி' என்று இன்றைய இளைஞர்கள் அழைக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கர்களுக்கும் புலவர்களுக்கும் அந்தப் பழக்கம் பழையது.

ஐரோப்பியர் பைக்குள்ளும் கத்தி பெரும்பாலும் எழுத்தோடுதான் நுழைந்தது. வாத்து இறகை வெட்டி எழுதிய நூற்றாண்டுகளில் பேனாமுனை சில பக்கங்களிலேயே மழுங்கிவிடும். மறுபடி சீவி, நடுவே பிளந்து, நுனியைக் குறுக்கே நறுக்க வேண்டும். மொண்ணைக் கத்தியால் அது நடக்காது. அதனால் குமாஸ்தா, பாதிரியார், மாணவர் என்று எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு சின்னக் கத்தி தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் அவற்றை உலகுக்கெல்லாம் செய்து அனுப்பியது. அலகை அடித்து உருவாக்க ஒருவர், சாணை பிடிக்க ஒருவர், பிடியும் ஸ்பிரிங்கும் பூட்ட ஒருவர் என்று தொழில் பிரிந்திருந்தது. சாணைச் சக்கரத்தின் கல் தூசி நுரையீரலில் படிந்து இளவயதிலேயே இறந்த தொழிலாளர் அந்த ஊரில் ஏராளம். எங்கோ ஒரு குமாஸ்தாவின் பேனாமுனை கூர்மையாக இருப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அதே ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822-இல் 1,822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து காட்சிக்கு வைத்தது. கைத்திறனைக் காட்டுவதற்கென்றே செய்த பொருள். எந்தப் பைக்குள்ளும் போகாது. ஊர்மக்கள் காசு கொடுத்து வாங்கிய கத்தியில் ஓர் அலகோ இரண்டோதான் இருக்கும். என்ன வேலை என்று வாங்குகிறவருக்குத் தெரியும். அந்த வேலையே கத்தியின் நீளத்தையும் முனையையும் முடிவு செய்துவிடும். கடையில் நின்று யோசிக்க அதிகம் இருக்காது.

ஜப்பானில் இந்தக் கதை பென்சிலோடு நடந்தது. ஹியோகோ மாநிலத்தின் மிகி நகரில் 1890களில் பிறந்தது ஹிகோநோகாமி என்ற மடக்குக் கத்தி. மடித்த தகடுதான் பிடி. அலகின் அடியில் ஒரு சிறு வால் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அதை அமுக்கினால் அலகு விரியும். ஸ்பிரிங் இல்லை, பூட்டு இல்லை. விரல் அழுத்தத்தில்தான் அலகு நிற்கும். விலை குறைவு என்பதால் பள்ளிப் பிள்ளைகளின் பையில் அது சாதாரணமாகப் புழங்கியது. பென்சில் சீவுவார்கள், மூங்கிலில் விளையாட்டுப் பொருள் செய்வார்கள். 1960 அக்டோபரில் சோஷலிசக் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோவை மேடையிலேயே 17 வயது இளைஞன் ஒருவன் குறுவாளால் குத்திக் கொன்றான். பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம் என்ற இயக்கம் அதன் பிறகு வேகம் பிடித்தது. பென்சில் சீவும் எந்திரங்களும் வந்துவிட்டன. ஒரு காலத்தில் பல பட்டறைகள் செய்த ஹிகோநோகாமியை அந்தப் பெயரோடு இன்று செய்வது மிகியில் ஒரே ஒரு குடும்பப் பட்டறை. வாங்குகிறவர்களில் பலர் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள்.

நம் பள்ளிகளில் அந்த இடத்தைச் சவர பிளேடு பிடித்திருந்தது. அப்பா சவரம் செய்து முடித்த பிளேடைப் பாதியாக உடைத்துப் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்ட தலைமுறை ஒன்று இன்னும் நம்மோடு இருக்கிறது. விரல் வெட்டும், இரத்தம் வரும், அடுத்த முறை எந்தப் பக்கம் சீவ வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஷார்ப்னர் வந்த பிறகு அதுவும் போயிற்று.

நான் சொல்ல வந்த மாற்றத்தை ஒரே பொருளில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் ஸ்விட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியைத்தான் எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ சித்தப்பாவோ கொடுத்த பரிசாக நம்மில் பலருக்கு அது அறிமுகம். அலமாரிக்குள் பத்திரமாகக் கிடக்கும். வேலைக்கு வெளியே வராது. ஆனால் அது பிறந்தது பசிக்கும் துப்பாக்கிக்கும்.

1880களின் இறுதியில் ஸ்விஸ் ராணுவம் புதிய துப்பாக்கிக்கு மாறியது. அதைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி வேண்டும். சிப்பாய்களுக்கு டப்பாவில் அடைத்த உணவு கொடுத்தார்கள். அதைத் திறக்க ஒரு கருவி வேண்டும். தோலில் துளையிட ஓர் ஊசி, ரொட்டி வெட்ட ஓர் அலகு. நான்கையும் ஒரே மடக்குக் கத்தியில் கேட்டது ராணுவம். அத்தனை கத்திகளை உடனே செய்துதரும் திறன் உள்நாட்டில் யாருக்கும் இல்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரில் செய்யப்பட்டது.

ஷ்வீட்ஸ் மாகாணத்தின் இபாக் என்ற ஊரில் 1884 முதல் கத்திப் பட்டறை நடத்திவந்த கார்ல் எல்சனருக்கு இது பொறுக்கவில்லை. வேலையில்லாமல் ஊரை விட்டு வெளிநாடு போகிறவர்கள் மிகுந்திருந்த பகுதி அது. நம் சிப்பாயின் கத்தியை நம் ஊரில் செய்தால் என்ன என்று உள்நாட்டுக் கத்தித் தொழிலாளரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். 1891-இல் முதல் ராணுவக் கத்திகளைக் கொடுத்தார். ஸோலிங்கன் ஆலைகளின் மலிவான விலையோடு போட்டியிட முடியாமல் மற்றவர்கள் விலகினார்கள். எல்சனர் மட்டும் கடனோடு நின்றார். திவாலின் விளிம்புவரை போனார்.

அவரைக் காப்பாற்றியது இரண்டாவது கத்தி. சிப்பாயின் கத்தி கனமானது, முரட்டுத்தனமானது. அதிகாரிகளுக்கென்று இலேசாக ஒன்று செய்து 1897-இல் பதிவு செய்தார். இரண்டே இரண்டு ஸ்பிரிங்குகளில் ஆறு கருவிகள்: ஒரே ஸ்பிரிங் இரு பக்கமும் வேலை செய்யும்படி வைத்ததுதான் அதன் நுட்பம். புதிதாகச் சேர்ந்த இரண்டு கருவிகளில் ஒன்று ஒயின் புட்டியின் தக்கையைத் திருகி எடுப்பது. மற்றொன்று சின்ன அலகு. காகிதத்தில் தவறாக விழுந்த மையைச் சுரண்டி அழிப்பதற்கென்று வைத்தது. ஓலை வாரிய கத்தி, இறகு சீவிய கத்தி ஆகியவற்றின் வரிசையில் இந்தச் சின்ன அலகும் சேர்கிறது. இன்றைக்கும் பல சிவப்புக் கத்திகளில் பெரிய அலகின் பக்கத்தில் அது இருக்கிறது. மையை அழிக்க வந்தது என்பது மறந்துபோயிற்று. அதிகாரிக்குத் தக்கைத்திருகி அத்தியாவசியம் என்று ராணுவம் கருதவில்லை. ஆகவே அதிகாரிகள் சொந்தக் காசில்தான் வாங்கினார்கள். வாங்கிக் குவித்தார்கள்.

1909-இல் தாய் விக்டோரியா இறந்த பிறகு அவர் பெயரையே எல்சனர் நிறுவனத்துக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகு புழக்கத்துக்கு வந்ததும், 1921-இல், அதைக் குறிக்கும் இனாக்ஸ் என்பதைச் சேர்த்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இதை ஊருக்கு வாங்கிப் போனார்கள். அங்கிருந்து உலகம் முழுவதும் பரவியது.

இனி அந்தக் கத்தியின் ஒவ்வொரு கருவியையும் இன்றைய வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். டப்பா திறப்பான்: பெரும்பாலான டப்பாக்களில் இன்று இழுத்துத் திறக்கும் வளையம் இருக்கிறது. தக்கைத்திருகி: ஒயின் புட்டிகளிலேயே பலவற்றுக்குத் திருகு மூடி வந்துவிட்டது, நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மை அழிக்கும் அலகு: பால்பாயின்ட் பேனாவும் அதன் பிறகு கைப்பேசியும் வந்தபின் சுரண்ட மை ஏது. 1991-இல் ஒரு கொக்கியைச் சேர்த்தார்கள். சணல் கட்டிய பார்சலை விரல் அறுபடாமல் தூக்கிப் போவதற்கு. இன்று பார்சலில் சணலே இல்லை. சுற்றிச் சுற்றி ஒட்டிய டேப்தான். தட்டைத் திருப்புளிக்கு மட்டும் இன்னும் நம் பிளக்குகளிலும் சுவிட்சுகளிலும் வேலை மிச்சமிருக்கிறது. அதிலும் பாதி வேலையை நட்சத்திர முனை எடுத்துக்கொண்டது.

முள்வாங்கியும் பல்குத்தியும் மட்டும் அப்படியே பயன்படுகின்றன. நம் பாட்டிமார் முள்வாங்கி, குறும்பிவாங்கி, பல்குத்தி மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்பார்கள். காலில் கருவேல முள் தைத்தால் அந்த வளையத்தைத்தான் தேடுவோம். மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் கருவியில் இன்றும் அதிகம் உதவுவது அந்த முள்வாங்கி என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

கருவிகளின் வேலை போனதைவிடப் பெரிய மாற்றம் 2001 செப்டம்பர் 11-இல் வந்தது. அதுவரை அமெரிக்க விமானங்களில் 4 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள கத்தியை உள்ளே கொண்டுபோக அனுமதி இருந்தது. விமானத்தைக் கடத்தியவர்கள் பயன்படுத்தியவை சிறு கத்திகள். ஒரே நாளில் சட்டைப்பைக் கத்தி சந்தேகப் பொருள் ஆயிற்று. விமான நிலையக் கடைகளில் நன்றாக விற்ற சிவப்புக் கத்தியின் விற்பனை 30 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்ததாக நிறுவனத் தலைவரே சொல்லியிருக்கிறார். அந்த நெருக்கடியில் யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. கொஞ்சம் பேரை அருகிலிருந்த மற்ற ஆலைகளுக்குத் தற்காலிகமாக வேலைக்கு அனுப்பிவைத்தார்கள். வேலையில்லா ஊரில் வேலை தர வேண்டும் என்று எல்சனர் தொடங்கிய பட்டறை, நூறாண்டுக்குப் பிறகும் அந்த நோக்கத்தை விடவில்லை. இந்த நிறுவனத்தின் மீது எனக்கு மதிப்பு வந்தது கத்தியைவிட இதனால்தான்.

2013 மார்ச்சில் அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை சின்னக் கத்திகளை மறுபடி அனுமதிப்பதாக அறிவித்தது. விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஜூனில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். குறுகிய இடத்தில், ஆயிரக்கணக்கான அடி உயரத்தில், குடிபோதையில் ஒருவர் எழுந்து நின்றால் முதலில் போய்ப் பேச வேண்டியவர் பணிப்பெண். அவர் சொல் கேட்கப்பட்டது சரி என்றே நினைக்கிறேன்.

நாடுகளின் சட்டம் கத்தியின் வடிவத்தையே மாற்றத் தொடங்கியது இதற்கு முன்பே. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள, மடங்கும் கத்தி மட்டுமே. விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்கில் அடங்காது என்று நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதனால் பூட்டில்லாத கத்திகளை அந்த நாட்டுக்கென்றே வடிவமைக்கும் நிறுவனங்கள் உண்டு. ஜெர்மனியில் ஒரே கையால் விரித்துப் பூட்டும் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்க 2008-இல் தடை வந்தது. 2024 ஆகஸ்டில், கத்திக்கே பெயர்பெற்ற ஸோலிங்கன் நகரத்தின் திருவிழாவில் ஒருவன் கத்தியால் தாக்கி 3 பேரைக் கொன்றான். அதன் பின் ஜெர்மன் சட்டம் மேலும் இறுகியது. ஸ்விஸ் சிப்பாயின் முதல் கத்தி செய்யப்பட்ட ஊர் அது.

2024 மே மாதம் விக்டோரினாக்ஸ் தலைவர் கார்ல் எல்சனர், முதல் எல்சனரின் வழித்தோன்றல், அலகே இல்லாத பைக்கருவியை உருவாக்கிவருவதாக அறிவித்தார். சைக்கிள் ஓட்டிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் திருப்புளியும் குறடும் இருந்தால் போதும். கத்தி என்பதால் பல நாடுகளில் அவர்களுக்குச் சிக்கல் வருகிறது என்பது அவர் சொன்ன காரணம். அலகுள்ள கத்தியை நிறுத்தப்போவதில்லை என்றும் நிறுவனம் விளக்கியது. பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. வேலைக்கேற்ற கருவி என்பதுதான் இந்தக் கத்தியின் ஆதி இலக்கணம். வெட்ட வேலையில்லாதவருக்கு அலகு எதற்கு?

இந்தப் பக்கம் கத்தி சுருங்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் ஒரு பெரிய சந்தை வளர்ந்திருக்கிறது. 1981-இல் அமெரிக்காவின் ஸ்பைடெர்கோ நிறுவனம் அலகில் வட்டத் துளையும் பிடியில் கிளிப்பும் வைத்து ஒரு மடக்குக் கத்தியை வெளியிட்டது. துளையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் ஒரே கையால் விரியும். கிளிப் இருப்பதால் பையின் விளிம்பிலேயே தொங்கும். அடியில் சாவிக்கொத்தோடு தேட வேண்டாம். மற்றொரு கையில் கயிற்றையோ ஏணியையோ பிடித்திருக்கும் தொழிலாளிக்கு இது உண்மையான உதவி. மேசைமுன் வேலை பார்க்கிறவருக்கு அந்த உதவி தேவைப்படுவது அரிது. ஆனால் இன்று வாங்குகிறவர்களில் பெரும்பகுதி மேசைமுன் இருப்பவர்கள்.

அவர்கள் பேச்சு முழுக்க எஃகைப் பற்றியது. பொடி உலோகத்திலிருந்து செய்யும் புதிய எஃகு வகைகள் ராக்வெல் அளவில் 60-ஐத் தாண்டும் கடினம் கொண்டவை. கூர்மை நெடுநாள் நிற்கும். அந்தக் கூர்மை போய்விட்டால் வீட்டில் இருக்கும் கல்லில் தீட்டி மீட்பது பெரும்பாடு. வைரத்தூள் பதித்த தகடு வேண்டும், பொறுமை வேண்டும். சிவப்புக் கத்தியின் அலகு 56 அளவில் நிற்கிறது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் மழுங்கும், சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் ஏறும். திருப்புளிகளை இன்னும் மென்மையாக, 52 அளவில் வைப்பார்கள். முறுக்கும்போது உடையக் கூடாது. ஸ்பிரிங்குகள் 49. ஒரே கத்திக்குள் ஒவ்வொரு உறுப்புக்கும் அதன் வேலைக்குத் தக்க கடினம் கொடுத்த இந்தச் சிந்தனைக்கு முன்னால், விலையுயர்ந்த எஃகின் பெயர்ப்பட்டியல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சரி, இன்று ஒருவர் அன்றாடம் வைத்துக்கொள்ள ஒரு கத்தி வாங்க வேண்டும் என்றால் எதை வாங்குவது? பழைய வழியே சிறந்த வழி: வேலையைக் கேட்க வேண்டும். ஒரு வாரம் எதையெல்லாம் வெட்டினீர்கள், எதற்கெல்லாம் பல்லையும் நகத்தையும் பயன்படுத்தினீர்கள் என்று கவனியுங்கள். நகரத்து வீட்டில் அந்தப் பட்டியல் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்: பார்சல் டேப், பால் பாக்கெட், புதுச்சட்டையின் விலைச்சீட்டு, சட்டை ஓரத்தில் தொங்கும் நூல், பூச்சரத்தின் நார், மாத்திரை அட்டை, ரயிலில் ஒரு கொய்யாப்பழம், தளர்ந்த கண்ணாடித் திருகு. இதில் பாதிக்கு மேல் கத்தரிக்கோலின் வேலை. எனவே கத்தரிக்கோல் உள்ள சின்னக் கத்திதான் முதல் தேர்வு. 58 மில்லிமீட்டர் நீளமும் சுமார் 22 கிராம் எடையும் உள்ள விக்டோரினாக்ஸின் கிளாசிக் என்ற வகையில் ஒரு சிற்றலகு, கத்தரிக்கோல், நக அரம், முள்வாங்கி, பல்குத்தி எல்லாம் உண்டு. சாவிக்கொத்தில் கிடக்கும். பத்தில் எட்டுப் பேருக்கு இதற்கு மேல் தேவை வராது என்பது என் தீர்மானமான கருத்து.

கையில் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், பழமும் நறுக்க வேண்டும், பிளக்கும் கழற்ற வேண்டும் என்பவர்கள் 84 அல்லது 91 மில்லிமீட்டர் அளவில் பார்க்கலாம். கத்தரிக்கோலோடு வேண்டுமானால் கிளைம்பர். நட்சத்திரத் திருப்புளி வேண்டுமானால் டிங்கர். அலுமினியப் பிடியோடு மெல்லியதாக வேண்டுமானால் கேடட். 33 பயன்கள் உள்ள ஸ்விஸ்சாம்ப் 185 கிராம் எடை. நம் வெயிலில் மெல்லிய பருத்திச் சட்டைப்பையில் அதைப் போட்டால் பை தொங்கிப்போகும். ஒரு மாதத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். வீட்டில் விட்டுவிட்டுப் போகும் கத்தி அன்றாடக் கத்தி ஆகாது.

தோட்டம், வயல், சமையல் என்று உண்மையாகவே நிறைய வெட்டுகிறவர்களுக்கு வேறொன்று சொல்வேன்: பிரான்சின் ஒபினெல். சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் செய்யத் தொடங்கியது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955-இல் சேர்ந்தது. அதன்பிறகு பெரிய மாற்றமே இல்லை. 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், கைக்கு நிறைவாக இருக்கும். கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு இரண்டிலும் கிடைக்கிறது. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் இருப்பவர்கள் துருப்பிடிக்காத வகையையே வாங்குங்கள். கடற்காற்றும் வியர்வையும் கார்பன் எஃகை ஓர் இரவில் கறையாக்கும். எலுமிச்சையும் மாங்காயும் நிமிடங்களில் கருக்க வைக்கும். ஈரத்தில் மரப்பிடி உப்பி அலகு சிக்கிக்கொள்வதும் உண்டு. காய்ந்ததும் சரியாகிவிடும்.

பூட்டு உள்ளதா இல்லாததா என்று பலர் குழம்புகிறார்கள். சிறிய சிவப்புக் கத்திகளில் ஸ்பிரிங் அழுத்தம்தான் அலகை நிறுத்துகிறது. முதுகுப்பக்கம் அழுத்தினால் விரல்மேல் மடங்கும். எனவே அலகு முனையால் எதையும் குத்தித் துளைக்காதீர்கள். அதற்குத்தான் துளையூசி இருக்கிறது. வெட்டும்போது அலகு உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகப் போகட்டும். இவ்வளவு ஒழுங்கு இருந்தால் அன்றாட வேலைக்குப் பூட்டு வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு முதல்முதலாகக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் முனை மழுங்கிய, பூட்டுள்ள கத்தி நல்லது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பென்சில் சீவவும் ஆப்பிள் தோல் எடுக்கவும் கற்றுக்கொடுப்பது பெற்றோர் செய்ய வேண்டிய வேலை என்றே நம்புகிறேன். கூர்மையைக் கண்டு பயப்படவும் மதிக்கவும் கை மட்டும்தான் கற்றுத்தரும்.

நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆயுத விதிகளின் பட்டியலில் வரும் கத்தி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ளது. வீட்டு, விவசாய, தொழில் வேலைகளுக்கென்று செய்தவை அதில் சேரா. சட்டைப்பைக் கத்தி இந்த அளவுக்கு அருகில்கூட வராது. பித்தானை அமுக்கினால் தெறித்து விரியும் கத்தியை மட்டும் எந்த ஊரிலும் வாங்காதீர்கள். டெல்லியில் அதற்குத் தனிக் கட்டுப்பாடே உண்டு, வீட்டுவேலை எதற்கும் அது தேவையுமில்லை. நீதிமன்றம், மெட்ரோ ரயில், கூட்டம் கூடும் இடம் ஆகியவற்றுக்குப் போகும்போது எந்தக் கத்தியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானப் பயணத்தில் ஐரோப்பாவில் 6 சென்டிமீட்டர் வரையுள்ள அலகைக் கைப்பையில் அனுமதிக்கிறார்கள். இந்தியாவில் சாவிக்கொத்துக் கத்தியையும் எடுத்துவிடுவார்கள். முதல்நாள் இரவே கழற்றி, சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போட்டுவிடுங்கள். தாத்தா கொடுத்த கத்தியைப் பாதுகாப்பு வாசலின் தொட்டியில் போட்டுவிட்டுப் போவது வேதனையான காரியம்.

போலிகள் நடைபாதையில் மலிந்து கிடக்கின்றன. அலகின் அடிப்பாகத்தில் நிறுவனப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கிறதா, ஒவ்வொரு கருவியும் விரியும்போது ஒரே சீரான 'டக்' ஒலியோடு நிற்கிறதா, அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் வேண்டாம். நல்ல கத்தியின் விலையில் போலி மூன்று வாங்கலாம். மூன்றும் சேர்ந்து ஒன்றின் ஆயுளுக்கு ஈடாகாது.

தெருவில் சைக்கிளை நிறுத்தி மிதித்துச் சாணை பிடிக்கும் தொழிலாளியை இப்போது எப்போதாவதுதான் பார்க்க முடிகிறது. அருவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர் கைதான் சரி, கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் சட்டைப்பைக் கத்தியின் மெல்லிய அலகை அந்தச் சக்கரம் ஒரே தடவையில் அதிகமாகத் தின்றுவிடும், சூட்டில் அதன் கடினமும் போகும். அதை வீட்டில் நீங்களே தீட்டுங்கள். 1000 எண் உள்ள ஒரு நீர்க்கல், அலகுக்கும் கல்லுக்கும் இடையே ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு, இரு பக்கமும் சம எண்ணிக்கை, கடைசியில் இலேசான சில இழுப்புகள். கல் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாத வளையத்தில் நாலு முறை இழுத்தாலும் கூர் திரும்பும். மாதம் ஒருமுறை வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, அலகைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசுக்கேறும்.

ஆகவே கத்திக்கென்று வைத்திருக்கும் பணம் முழுவதையும் கத்தியிலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு படி விலை குறைந்த கத்தியை வாங்கி, மிச்சத்தில் ஒரு நல்ல கல்லை வாங்குங்கள். மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலை வெட்டும்.